போனாப் போவுது, நல்லா இருக்கட்டும்

2022 ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். கும்மிடிப்பூண்டியில் நான் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில் கூண்டுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கிண்ணம், இன்னொரு கையில் செம்பு, கூண்டுக்கதவுக்குத் தோளை முட்டுக்கொடுத்திருந்தேன். கீழ் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. உள்ளே இருந்த பத்துப் பன்னிரண்டு பறவைகளும் ஒரே நேரத்தில் சிதறின. அதில் ஒன்று, நீல நிற ஆண், என் காதை உரசிக்கொண்டு வெளியே போய்விட்டது. துணி காயப்போடும் கொடியில் ஐந்து விநாடி உட்கார்ந்தது. அங்கிருந்து பக்கத்து வேப்பமரம், அங்கிருந்து செல்போன் டவர் பக்கம், அப்புறம் கண்ணில் படவில்லை.

அடுத்த மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வுடுங்க சார். இத்தினி நாளா ஜெயில்ல கெடந்துச்சி. போனாப் போவுது, நல்லா இருக்கட்டும்."

அந்த வார்த்தை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு நிமிஷம் முன்னால் வரை நான் கவனக்குறைவான ஆள். இப்போது ஒரு உயிருக்கு விடுதலை கொடுத்தவன். கீழே இறங்கிப் போய் இட்லி சாப்பிட்டேன். தேடவில்லை. நாலாம் நாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அடியில் நீல இறகுகள் கிடந்தன. ஒரு கால் மட்டும் முழுசாக இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் மேலே காக்காய் உட்கார்ந்திருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அதன் வேலையை அது பார்த்தது.

இந்தக் கட்டுரை அந்த அம்மாவுக்கு எதிரானதல்ல, அவர் நல்ல மனுஷி. அவர் சொன்ன அந்த ஒரு வரிக்கு எதிரானது. அதற்குப் பிறகு அந்த வரியைப் பல வேஷங்களில் பார்த்துவிட்டேன். கூண்டைத் திறந்து பறவையைப் பறக்கவிட்டு, பின்னணியில் வயலின் வைத்து ரீல்ஸ் போடுகிறார்கள். கீழே கும்பிடும் கை, இதயம், "மனிதம் வாழ்கிறது" என்று வரிசையாக. கூண்டுப் பறவையை வைத்து விடுதலைக் கவிதை எழுதாத கவிஞர் தமிழில் அபூர்வம். படித்த நண்பர் ஒருவர், 2015 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் பறவைகளுக்குப் பறக்கும் உரிமை உண்டு என்று சொன்னதை எனக்கு நினைவூட்டி, "அப்போ உன் நீலக்குருவி சட்டப்படி சரியாத்தான் செஞ்சிருக்கு" என்றார். நல்ல நகைச்சுவை. ஆனால் அந்த உரிமை பிடிப்பவனுக்கும் விற்பவனுக்கும் எதிராகச் சொல்லப்பட்டது. வாங்கி வளர்த்து, அலுத்துப்போனதும் கதவைத் திறந்துவிடுகிறவனுக்கு அதில் புண்ணியப் பங்கு எதுவும் இல்லை.

முதலில் பறந்துபோனது என்ன பறவை என்று பார்ப்போம். நம் ஊரில் இதை "லவ் பேர்ட்ஸ்" என்கிறோம். உண்மையில் அது பட்ஜெரிகர், ஆஸ்திரேலியாவின் சின்னஞ்சிறு கிளி. நிஜமான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதனால் நம் கடைகளில் அதற்கு "ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்" என்று பெயர். காக்கடீல் என்பதைப் பாதிப் பேர் "காக்டெயில்" என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். பெயரே சரியாகத் தெரியாமல் வாங்குகிற பிராணிக்கு என்ன தேவை என்பது மட்டும் எப்படித் தெரியும்?

1840இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் பட்ஜெரிகரை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அன்றிலிருந்து சுமார் 180 வருஷமாக அது கூண்டில் முட்டையிட்டுக் கூண்டில் குஞ்சு பொரித்து வருகிறது. காட்டில் உள்ள பட்ஜெரிகர் பச்சை. நீலம், வெள்ளை, முழு மஞ்சள் எல்லாம் வளர்ப்பவர்கள் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவை. ஆஸ்திரேலிய வறண்ட நிலத்தில் அது ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பறக்கும். எங்கே மழை பெய்தது, எங்கே புல் விதை கட்டியது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் கூட்டத்துக்குத் தெரியும். ஒற்றைப் பறவைக்குத் தெரியாது. அதன் எல்லாப் பாதுகாப்பும் கூட்டத்தில்தான். நான் தப்பவிட்டது ஒற்றைப் பறவை; பச்சை இலைக்கு நடுவே தீக்குச்சி கொளுத்தினமாதிரித் தெரியும் நீலப் பறவை. தினை கிண்ணத்தில் இருக்கும், தண்ணீர் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என்பதுதான் அதற்குத் தெரிந்த உலகம். இது விடுதலை என்றால், நீச்சல் தெரியாத குழந்தையைக் கிணற்றில் இறக்கிவிடுவதையும் விடுதலை என்று சொல்லலாம்.

இங்கே ஒருவர் கேட்பார், கேட்டும் இருக்கிறார்கள்: "பழவேற்காட்டுக்குப் பூநாரை எங்கிருந்தோ வருதே, அது பொழைக்கலையா?" கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே கொஞ்ச தூரம் போனால் பழவேற்காடு ஏரி. சீசனில் பூநாரைகள் உப்புத்தண்ணீரில் தலையைக் கவிழ்த்து மேய்வதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பூநாரை தன் கூட்டத்தோடு வருகிறது. பெரியவை எங்கே இறங்கினவோ அங்கே சிறியவை இறங்குகின்றன. எந்த ஆழத்தில் என்ன கிடைக்கும் என்று கற்றுத்தர ஆள் இருக்கிறது. கூண்டுக் குஞ்சுக்கு அதைக் கற்றுத்தந்தது யார்? அதன் அம்மாவுக்கே தெரியாது.

இன்னொரு கேள்வி கொஞ்சம் கனமானது. லண்டன் பூங்காக்களில் நம் ஊர்ப் பச்சைக்கிளிகள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டதில் வந்தவை என்று ஒரு கதை உண்டு. 2019இல் ஆய்வாளர்கள் பழைய பதிவுகளைத் துழாவி அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை என்றார்கள். வளர்ப்புக் கூண்டுகளிலிருந்து பல இடங்களில், பல வருஷங்களில் தப்பியவைதான் பெருகியிருக்கின்றன. அப்படியானால் தப்பிய பறவை பிழைக்கும் என்றுதானே ஆகிறது? பிழைத்தவை கண்ணில் படுகின்றன, செத்தவை படுவதில்லை. என் நீலக்குருவியின் இறகை நான் பார்த்ததே தற்செயல். பிழைத்துப் பெருகிவிட்டால் அதுவும் நல்ல செய்தியல்ல. ஸ்பெயினின் செவில் நகரத்தில் மரப்பொந்துக்காக நம் பச்சைக்கிளிகள் அங்குள்ள அரிய வகைப் பெரிய வௌவால்களைத் தாக்கிக் கொன்றதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, தப்பிய பறவைக்கு இரண்டு வழி. ஒன்று அது சாகும், இல்லையென்றால் அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் வேறொன்று சாகும். ஊர் வாழ்த்துகிற மூன்றாவது வழி நம் ஆசையில் மட்டும் இருக்கிறது.

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல. 2023 பிப்ரவரியில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிசாலையில் யாரோ கம்பிவலையை அறுத்துவிட, ஃப்ளாக்கோ என்ற பெரிய ஆந்தை வெளியே வந்தது. முதலில் பிடிக்க முயன்றார்கள். அது எலி பிடிக்கக் கற்றுக்கொண்டது தெரிந்ததும் ஊர் மொத்தமும் அதன் விடுதலையைக் கொண்டாட ஆரம்பித்தது. பிடிக்காதே என்று கையெழுத்து இயக்கம் நடந்தது. பிடிக்கிற முயற்சி கைவிடப்பட்டது. 2024 பிப்ரவரியில், வெளியே வந்து ஒரு வருஷம் சொச்சத்தில், ஒரு கட்டடத்தில் மோதி விழுந்து இறந்தது. பரிசோதித்துப் பார்த்தபோது உடம்பில் எலிமருந்து விஷம் நிறைய இருந்தது, தின்ற புறாக்களிடமிருந்து தொற்றிய வைரஸ் நோயும் முற்றியிருந்தது. ஆந்தை, வேட்டைப்பறவை, வலுவான நகம், அதற்கே இந்தக் கதி. முப்பது நாற்பது கிராம் எடையுள்ள தினை தின்னும் குருவிக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் அரசியல் மேடைகளுக்கு வருவோம். சமாதானப் புறா பறக்கவிடாத தலைவர் உண்டா? வெள்ளைப் புறாவைக் கையில் கொடுப்பார்கள், தலைவர் மேலே வீசுவார், கேமரா சொடுக்கும். அதற்குப் பிறகு அந்தப் புறா எங்கே போனது என்று எந்த நிருபரும் எழுதியதில்லை. வடசென்னையில் பந்தயப் புறா வளர்க்கிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். வீடு திரும்பப் பழக்கிய ஹோமர் புறா வேறு, அழகுக்காக வளர்த்த வெள்ளைப் புறா வேறு. முன்னது நெல்லூரைத் தாண்டி விட்டாலும் கூண்டுக்கு வந்துவிடும். பின்னது பருந்துக்குச் சாப்பாடு. 2014 ஜனவரியில் வாடிகனில் போப் பிரான்சிஸ் பக்கத்தில் நின்ற குழந்தைகள் ஜன்னலிலிருந்து விட்ட வெள்ளைப் புறாக்களை, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கடற்பறவையும் ஒரு காகமும் பாய்ந்து தாக்கின. 1988 சோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பறக்கவிட்ட புறாக்களில் சில, தீபக் கொப்பரையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தபோது தீ மூட்டப்பட்டுக் கருகின. உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அப்படியும் வழக்கம் நிற்கவில்லை.

இதற்கு நேர் எதிரான பொய்யும் நம்மிடம் உண்டு. பச்சைக்கிளி பறந்துபோனால் மட்டும் யாரும் "நல்லா இருக்கட்டும்" என்பதில்லை. ஏரியா வாட்ஸ்அப் குழுவில் படம் வரும்: "எங்கள் மிட்டு காணவில்லை, கண்டுபிடித்துத் தருபவருக்குத் தக்க சன்மானம்." பச்சைக்கிளி இந்த மண்ணின் பறவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ன்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்; 2022 திருத்தத்துக்குப் பிறகு அது அட்டவணை இரண்டில் இருக்கிறது. 2023இல் சென்னையில் கிளி வைத்திருந்த திரைப்பட நடிகர் ஒருவர் 2.5 லட்சம் ரூபாய் அபராதம் கட்டினார். 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் கடலூர் தொகுதி வேட்பாளர் ஒருவர் ஜெயிப்பார் என்று சீட்டெடுத்த கிளியின் ஜோசியரை வனத்துறை பிடித்துக்கொண்டு போனது. எத்தனையோ வருஷமாக அதே தெருவில் உட்கார்ந்திருந்தவரை, அரசியல் வாயில் விழுந்த அன்றைக்குத்தான் சட்டம் பார்த்தது. ஜோசியரை ஆதரிக்க இதைச் சொல்லவில்லை. இறகு வெட்டிய கிளியை மஞ்சப்பெட்டியில் அடைத்து வைப்பது கொடுமைதான்.

ஆக, வெளியே விட்டால் பிழைக்கக்கூடிய மண்ணின் கிளியை விடாமல் பிடித்துவைக்கிறோம். வெளியே விட்டால் சாகிற அயல் பறவையை வாழ்த்தி அனுப்புகிறோம். இரண்டிலும் பறவையைப் பற்றிய எண்ணமே இல்லை. பச்சைக்கிளியிலும்கூட, பல வருஷம் கூண்டில் கிடந்ததை அப்படியே மொட்டைமாடியில் திறந்துவிடுவது தப்பு. இறக்கைத் தசை செத்திருக்கும், மனிதனைக் கண்டால் பயம் போயிருக்கும். வனத்துறையிடம் ஒப்படைத்தால் பறக்கப் பழக்கி, தன் இனத்தோடு சேர்த்துப் பிறகு விட வழி உண்டு. அபராதம் போடுவார்களே என்ற பயத்தில் ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். தானாக முன்வந்து ஒப்படைப்பவருக்குத் தண்டனை கிடையாது என்று வனத்துறை ஊர் ஊராக அறிவித்தால் எத்தனையோ கிளிகள் பிழைக்கும்.

இனி என் இரண்டாவது தப்பு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 3ஆம் தேதி ராத்திரி ஆரம்பித்த மழையும் காற்றும் 4ஆம் தேதி முழுக்க ஓயவில்லை. மாடியில் அப்போது காக்கடீல்களுக்குத் தனிக்கூடம் கட்டியிருந்தேன், ஆறடி உயரம், மேலே தகரம். மத்தியானம் காற்று தகரத்தின் ஒரு மூலையைத் தூக்கியது. அது தூக்கிய வேகத்தில் வலையும் பிய்ந்துகொண்டு வந்தது. பிறகு போய்ப் பார்த்தால், வலை கிழியவில்லை. வலையைச் சட்டத்தோடு கட்டியிருந்த கட்டுக்கம்பி துருப்பிடித்துத் தூளாகியிருந்தது. ஒரு பக்கம் கடல் காற்று, மறுபக்கம் உருக்கு ஆலைப் புகை. இந்த ஊரில் இரும்பு எதுவும் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. எனக்கு அது தெரியும், ஆலையில் பராமரிப்புப் பிரிவில்தான் வேலை பார்க்கிறேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பார்க்கச் சொல்லி ஆட்களை விரட்டுகிறவன், என் மாடியில் கட்டுக்கம்பியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

இரண்டு பெண் பறவைகள் போய்விட்டன. மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. வாட்ஸ்அப் குழுவெல்லாம் கதைக்கு உதவாது. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. 5ஆம் தேதி காலையில் காற்று அடங்கியதும் பால்காரர், டீக்கடை அண்ணன், தண்ணி கேன் போடுகிற தம்பி, ரோட்டில் விழுந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் என்று எல்லாரிடமும் சொன்னேன். "சாம்பல் கலரு, மண்டையில கொண்டை, கன்னத்துல ஆரஞ்சுப் பொட்டு. பார்த்தா வெரட்டாதீங்க, கல்லு வுடாதீங்க, எங்க பார்த்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க." காலில் வளையம் இருப்பதையும் அதிலுள்ள எண்ணையும் மட்டும் சொல்லவில்லை, யாராவது "என்னுது" என்று வந்தால் சோதித்துப் பார்க்க ஒன்று கைவசம் வேண்டும். சன்மானம் என்றும் சொல்லவில்லை. சன்மானம் என்றால் பசங்க உண்டிவில்லோடு கிளம்பிவிடுவார்கள்.

எனக்கு உதவியது வீட்டில் மிச்சமிருந்த ஆண் பறவை. அதைச் சின்னக் கூண்டில் மாற்றி மாடிச் சுவர்மேல் வைத்தேன். ஜோடியைக் காணாத காக்கடீல் விடாமல் கூப்பிடும். அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானம் சுமார் பதினொரு மணிக்குப் பதில் வந்தது, ரொம்ப மெல்லிசாக, மேற்கே ஒரு தொழிற்சாலைக் காம்பவுண்டு பக்கமிருந்து.

வாசலில் காவலாளி, "பெர்மிஷன் இல்லாம உள்ள வுட முடியாது சார்" என்றார். அவர் சொன்னது நியாயம். ஒரு மணி நேரம் நின்று, ஃபோர்மேன் வந்து, கையெழுத்துப் போட்டு உள்ளே போனால் பழைய ஷெட் ஒன்றின் கூரைச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முப்பது அடி உயரம். நனைந்து பாதியாகியிருந்தாள். என் குரலைக் கேட்டதும் கொண்டை நிமிர்ந்தது, ஆனால் இறங்கவில்லை. இந்த இடத்தில்தான் எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "பார்த்தியா, அதுக்கு வர இஷ்டமில்ல" என்றார் கூடவந்தவர். இஷ்டமில்லாமல் அல்ல, தெரியாமல். ஆறடிக் கூடத்தில் வளர்ந்த பறவைக்குச் செங்குத்தாகக் கீழே இறங்கிப் பழக்கமே கிடையாது. பயந்தால் மேலே போகத் தெரியும். கீழே வரப் படிப்படியாக உட்கார இடம் வேண்டும். இதற்குள் ஒருவர் கைதட்டினார், இன்னொருவர் மூங்கில் கழி எடுத்துவந்தார். அவள் இன்னும் ஒரு சட்டம் மேலே போனாள். நான் கத்திவிட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

அங்கே ஒப்பந்த வேலை பார்க்கும் பீகார்ப் பையன் ஒருவன் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, தரையில் குந்தி உட்கார்ந்து, "மிட்டூ, மிட்டூ" என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் ஊரில் கிளிக்கு அதுதான் பெயராம். இருட்டப் போகிறது என்று அவனுக்கும் எனக்கும் தெரிந்தது. இருட்டினால் பறவை நகராது. எந்தச் சட்டத்தில், எந்த மூலையில் அடைகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும். ராத்திரி விளக்கடித்துப் பிடிக்கப் போனால் கண் தெரியாமல் எங்காவது மோதிச் சாகும்.

6ஆம் தேதி காலை ஐந்து மணிக்கு ஆண் பறவைக் கூண்டோடு போய்விட்டேன். பையன் ஒரு டிரம், அதன் மேல் பலகை, அதற்கு மேலே சாய்த்த ஏணி என்று படிக்கட்டு மாதிரி ஏற்கெனவே வைத்திருந்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கூண்டைக் கீழே வைத்து, கதவைத் திறந்து வெளிக்கதவில் நூல் கட்டி, தினைக் கிண்ணத்தைக் குலுக்கினேன். வீட்டில் தினமும் கேட்கிற சத்தம் அது. விடிந்தது. ஆண் கூப்பிட்டது. அவள் ஏணி உச்சிக்கு வந்தாள். அரைமணி நேரம் அங்கேயே. பிறகு பலகை. பிறகு டிரம். கூண்டின் மேல் வந்து உட்கார்ந்து கம்பிக்கிடையே மூக்கை நுழைத்தபோது கையை நீட்ட வேண்டும்போல இருந்தது, நீட்டவில்லை. முதல் தடவை கை தவறினால் இரண்டாவது தடவை கிடைக்காது. அவளாக உள்ளே போன பிறகு நூலை இழுத்தேன். மணி ஏழடிக்கப் பத்து நிமிஷம். இன்னொருத்தி கிடைக்கவேயில்லை. ஐந்து நாள் தேடினேன். அதே மாதம் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து பறக்க முடியாமல் கிடந்த கூழைக்கடாக்களின் படங்கள் செய்தித்தாளில் வந்தன. சொந்த மண்ணில் பிறந்து வளர்ந்த பறவைகளுக்கே வடசென்னைக் கடற்கரை வைத்திருக்கும் வரவேற்பு அது.

ஜப்பானில் 2008இல் ஒரு சாம்பல் கிளி தொலைந்துபோய், கடைசியில் மருத்துவமனையில் தன் பெயரையும் வீட்டு முகவரியையும் சொல்லி வீடு போய்ச் சேர்ந்தது. எல்லாப் பறவைக்கும் அந்தச் சாமர்த்தியம் வராது. காலில் ஒரு வளையம் போட முடியும். தப்பாமல் பார்த்துக்கொள்ள அதைவிடச் சுலபமாக முடியும்.

ஆலையில் விபத்து நடந்தால் "விதி" என்று எழுதி ஃபைலை மூட முடியாது. எந்தக் கதவு, எந்தத் தாழ்ப்பாள், யார் பார்த்திருக்க வேண்டும் என்று தோண்டுவோம். பறவை தப்பியதையும் அப்படித்தான் தோண்ட வேண்டும். என் இரண்டு தப்புகளில் முதலாவதற்கு மருந்து இரட்டைக் கதவு. கூடத்துக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குச் சின்ன வலை அறை. வெளிக்கதவைச் சாத்திய பிறகே உள்கதவைத் திறப்பது. பறவை உள்கதவைத் தாண்டினாலும் அந்த அறையில்தான் நிற்கும். உள்கதவு இடுப்புயரம் போதும், குனிந்து போகலாம், ஏனென்றால் மிரண்ட பறவை மேலேதான் பாயும். கதவு உள்பக்கமாகத் திறக்க வேண்டும். இதற்கு எனக்கு ஆன செலவு ஒரு ஜோடிப் பறவை விலைகூட இல்லை. செய்யாமல் இருந்ததற்குக் காரணம் பணம் அல்ல, "நான் ஜாக்கிரதையான ஆளு" என்ற நினைப்பு.

இரண்டாவதற்கு மருந்து, கட்டுக்கம்பிக்குப் பதில் போல்ட்டும் வாஷரும், மழைக்காலத்துக்கு முன் ஒரு சோதனை. புது ஜி.ஐ. வலையை வினிகர் கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகுதான் மாட்ட வேண்டும். துத்தநாகப் பூச்சைக் கொறித்துப் பறவை சாகும். கடையில் வாங்குகிற சின்னக் கூண்டின் மேலே தூக்கும் கதவை காக்கடீல் மூக்கால் தூக்கிவிடும். துணி மாட்டும் கிளிப் ஒன்று போட்டால் தூக்காது. ஐந்து ரூபாய் சமாச்சாரம். "இறக்கையை வெட்டிட்டா பிரச்சினையே இல்ல சார்" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். இறகு உதிர்ந்து மறுபடி முளைக்கும், வளர்ப்பவர் கவனித்திருக்க மாட்டார். ஆடிக் காற்று வெட்டிய இறக்கையையும் தூக்கிக்கொண்டுதான் போகும். வெளியே போய் விழுந்த பிறகு பூனை வந்தால் அந்தப் பறவையால் கிளைக்குக்கூட எழும்ப முடியாது. தப்பாமலும் இருக்காது, பிழைக்கவும் பிழைக்காது.

தப்பித்தது என்று சொல்லப்படுகிற எல்லாம் தப்பித்ததும் அல்ல. பரீட்சை வந்துவிட்டது, குழந்தைக்கு வீசிங், வேற ஊருக்கு மாற்றல், சத்தம் தாங்கலை. கதவு "தானாகத்" திறந்துகொள்கிறது. என் தெருவிலேயே மூன்று வீடுகளில் இப்படித் திறந்துகொண்டது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிராணியைப் பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. டீ, வடை சாப்பிட்டால் அதற்கு மேல் ஆகும். மக்காவுக்கும் சாம்பல் கிளிக்கும் 2024 விதிகளின்படி அரசு இணையதளத்தில் பதிவு உண்டு. பட்ஜெரிகரும் காக்கடீலும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. மலிவாகக் கிடைப்பதும் அதிகம் விற்பதும் அதிகம் தொலைவதும் இவைதான். எந்தப் பதிவேட்டிலும் இல்லாததும் இவைதான்.

விற்கிறவரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வேண்டாம் என்று கொண்டுவருகிற பறவையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், பணம் தர வேண்டாம். திரும்பக் கொடுக்க ஓர் இடம் இருந்தால் பாதிக் கதவுகள் தானாகத் திறந்துகொள்ளாது. இதைச் சொன்னபோது ஒரு கடைக்காரர் சிரித்தார். "அப்புறம் என் கடை அனாதை ஆசிரமம் ஆயிடும் சார்." ஆகட்டுமே, உற்பத்தி செய்தது நீங்கள்தானே என்றேன். அவருக்கு அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

வளர்ப்பதே தப்பு, அதில் பாதுகாப்பாக வளர்ப்பது எப்படி என்று பிரசங்கம் வேறா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் வலுவான பதில் இல்லை. அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. மிக்ஜாமுக்குப் பிறகு நான் முட்டைப்பெட்டிகளைக் கழற்றிவிட்டேன், புதிதாக வாங்குவதுமில்லை. ஆனால் ஏற்கெனவே பிறந்துவிட்ட பறவைகளைத் தத்துவத்தைக் கொண்டு வானத்தில் ஏற்றிவிட முடியாது. ஏணியில் இறங்கி வந்தவளுக்குப் புயலின்போது இரண்டு வயசு. காக்கடீல் நல்லபடியாக இருந்தால் பதினைந்து இருபது வருஷம் வாழும். எனக்கு அறுபத்தைந்து தாண்டிவிடும். மாடி ஏற முடியாமல் போனால் யார் பார்ப்பது என்று பையனிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.